அழுக்கு கீறுவதில்லை, துடைக்கும் கைதான் கீறுகிறது

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள ஒழுங்கை ஒன்றில் வசிக்கிறேன். காலை ஆறரை மணிக்கு எங்கள் தொடர்மாடியின் கீழ்த்தளத்தில் நான்கைந்து பேர் கார் துடைத்துக்கொண்டிருப்பார்கள். பழைய பெனியன் துணி, கிழிந்த சாரம், சில வேளைகளில் முதல் நாள் பத்திரிகை. தண்ணீர் இருக்காது. இரவு முழுவதும் படிந்த தூசியை உலர்ந்த துணியால் வட்டம் வட்டமாகத் தேய்ப்பார்கள். தூசி போகும், கார் மினுங்கும். வேலைக்குப் போகும் அவசரத்தில் அதற்குமேல் யாரும் பார்ப்பதில்லை.

அதே கார் மாலையில் மரைன் டிரைவில் சூரியனுக்கு எதிரே நிற்கும்போது பாருங்கள். பொனற் முழுவதும் சிலந்தி வலை பின்னியதுபோல மெல்லிய கோடுகள் தெரியும். அவை வீதியில் யாரோ உரசியதால் வந்தவை அல்ல. காலையில் துடைத்த கை போட்ட கோடுகள்.

இதை நான் யாரையும் குறை சொல்வதற்காக எழுதவில்லை. ஏறத்தாழ இரண்டு வருடங்கள் நானும் அப்படித்தான் துடைத்தேன். அதுவும் எங்கள் அப்பாவின் காரை.

அப்பாவின் கார்

அப்பா யாழ்ப்பாணத்தில் ஹயர் கார் ஓடியவர். அவரிடம் இருந்தது ஒரு ஒஸ்ரின் ஏ40. எண்பதுகளின் தொடக்கத்தில் அதற்கு மறுபடி பச்சை நிறப் பெயின்ற் அடிப்பித்தார். ஒவ்வொரு நாளும் கிணற்றடியில் நிறுத்திக் கழுவிவிட்டுத்தான் ஸ்ராண்டுக்குப் போவார்.

1990 ஜூனில் மறுபடி போர் தொடங்கியது. பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காமல் போனது. அந்தக் காலத்தில் குடாநாட்டில் இருந்தவர்களுக்கு இது நினைவிருக்கும். சில துளி பெற்றோலைக் காபரேட்டருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள். பழைய ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்கள்தான் அதற்குத் தாக்குப்பிடித்தன. எங்கள் காரும் புகை கக்கிக்கொண்டு ஓடியது.

மினுங்குகிற பொருள் ஹெலிகொப்டரின் கண்ணில் படும் என்று அப்பா பயந்தார். தினமும் கழுவித் துடைத்த காருக்குத் தன் கையாலேயே செம்மண் சேறு குழைத்துப் பூசினார். மேலே தென்னோலையைக் கட்டினார். சேறு காய்ந்து உதிர்ந்ததும் மறுபடி பூசுவார். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமம் முழுவதும் வெளியேறியபோது, அந்தக் காரில்தான் நாங்களும் அயல் வீட்டு வயதானவர்கள் இருவரும் சாவகச்சேரிக்குப் போனோம். அந்தத் தூரத்தைச் சனநெரிசலில் கடக்க விடியும்வரை எடுத்தது.

2007இல் அப்பா இறந்தபோது நான் கொழும்பில் இருந்தேன். அதற்கு முந்தைய வருடம் ஓகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்டுவிட்டது. செத்த வீட்டுக்குப் போய்ச் சேர முடியவில்லை. போர் முடிந்து பாதை திறந்தபின், 2011இல் காரை லொறியில் ஏற்றிக் கொழும்புக்குக் கொண்டுவந்தேன்.

அப்பா வைத்திருந்ததுபோல அதைப் பளபளப்பாக வைத்திருக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். தினமும் உலர்ந்த துணியால் துடைத்தேன். அது போதாதென்று ஓரிடத்தில் 'கட் அன்ட் பொலிஷ்' பண்ணக் கொடுத்தேன். வேகமாகச் சுழலும் மெசினை ஒரே இடத்தில் வைத்து அழுத்தியதில், இடப்பக்க மட்கார்ட்டின் விளிம்பில் பச்சைப் பெயின்ற் முழுவதும் போய்ச் சாம்பல் நிற அடிப்பூச்சு வெளியே தெரிந்தது. மனம் விட்டுப்போயிற்று. அதன் பிறகுதான் கொட்டாஞ்சேனையில் நாற்பது வருடங்களாகப் பெயின்ற் வேலை செய்யும் ஒரு ஐயாவைத் தேடிப் போனேன். 83ஐக் கண்டவர். காரைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "தம்பி, சண்டையில வந்த கீறலை விட நீங்க துடைச்ச கீறல்தான் கூட" என்றார்.

அவரிடம் கற்றதையும், அதற்குப் பிறகு நானே செய்து பார்த்துத் தெரிந்துகொண்டதையும்தான் கீழே எழுதுகிறேன். கார் மட்டுமல்ல, வான், முச்சக்கர வண்டி, மோட்டார் சைக்கிள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

எதனால் கீறல் விழுகிறது?

வீதித் தூசியில் பெரும்பகுதி மணல். மணலின் முக்கியமான கனிமம் குவார்ட்ஸ். கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் அதற்கு 7. சாதாரணக் கத்தியின் உருக்கு ஏறத்தாழ ஐந்தரை. கத்தியையே கீறக்கூடிய பொருள் அது. காரின் பெயின்றோ பிளாஸ்ரிக் போன்ற மென்மையான ஒரு படலம்.

தூசி காரின் மேல் சும்மா கிடக்கும்வரை ஒன்றும் ஆவதில்லை. நாம் துணியை வைத்து அழுத்தி இழுக்கும்போது ஒவ்வொரு மணலும் ஒரு சின்ன உளியாக மாறுகிறது. கோடுகள் எல்லாத் திசையிலும்தான் விழுகின்றன. வெளிச்சத்துக்கு நேராகத் திரும்பியவை மட்டும் மின்னுவதால் நம் கண்ணுக்கு வட்டமாகத் தெரிகின்றன.

இப்போதைய கார்களில் பெயின்ற் பல படலங்களாக இருக்கும். தகரத்துக்கு மேல் அடிப்பூச்சு, அதற்குமேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேல் நிறமில்லாத 'கிளியர் கோட்'. அந்தக் கிளியர் கோட்டின் தடிப்பு பொதுவாக 40 முதல் 50 மைக்ரோன். நாம் போட்டோப் பிரதி எடுக்கும் ஏ4 தாள் ஏறத்தாழ 100 மைக்ரோன். அதாவது அரைத் தாள் தடிப்பில் உள்ள ஒரு படலம்தான் வெயிலையும் உப்பையும் மழையையும் தாங்கி நிற்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் பொருளும் அதற்குள்தான் கலந்திருக்கிறது. அது தேய்ந்தால் நிறம் வெளிறும், பிறகு செதிளாக உரியும்.

அப்பாவின் காரைப் போன்ற பழைய வாகனங்களுக்குக் கிளியர் கோட் இல்லை. நிறம்தான் மேற்படலம். பொலிஷ் போட்டுத் துடைத்தால் துணியில் பச்சை நிறம் ஒட்டும். அது அழுக்கு அல்ல, பெயின்றே கழன்று வருகிறது.

நம் ஊர்களின் அழுக்கு

வெள்ளவத்தையில் பெரிய எதிரி உப்பு. மே மாதத்திலிருந்து செப்ரெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று கடலிலிருந்து நேராகத் தரைக்கு வீசும். ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் நிற்கும் வாகனங்களில் ஒரே இரவில் பிசுபிசுப்பான படலம் படியும். கீறல் தகரம்வரை போயிருந்தால் அந்த இடத்தில் துரு பிடிக்கத் தொடங்கும். கொட்டாஞ்சேனையில் துறைமுகத்துக்குப் போய்வரும் கொள்கலன் லொறிகளின் புகையும் தூசியும் அதிகம்.

இரண்டு இடத்துக்கும் பொதுவானது காகம். பறவை எச்சத்தில் அமிலத் தன்மை உண்டு. வெயிலில் சூடான பெயின்றில் அது கிடந்தால் சில மணி நேரத்திலேயே தடம் பதிந்துவிடும். ஆனால் கண்டவுடன் சுரண்டக்கூடாது. காய்ந்த எச்சத்துக்குள் காகம் தின்ற விதைத் துண்டும் மணலும் இருக்கும். நனைத்த துணியையோ ரிஷ்யூவையோ அதன் மேல் ஐந்து நிமிடம் போட்டுவைத்து, ஊறியபின் மேல்நோக்கி எடுத்துவிட வேண்டும்.

கோயிலில் வாகனப் பூசை செய்தபின் பொனற்றில் பூசிய சந்தனம், குங்குமம், திருநீறும் அப்படித்தான். திருநீறு சாம்பல். பாத்திரம் துலக்கச் சாம்பலைப் பயன்படுத்திய காலம் நினைவிருக்கும். காய்ந்தபின் கையால் தேய்த்து எடுத்தால் அது பெயின்றையும் துலக்கும். குங்குமம் வெளிர் நிறக் கார்களில் கறையாகவும் படியும். பூசை முடிந்த அன்றே தண்ணீர் ஊற்றிக் கரைத்துவிடுங்கள். சாமி கோபிக்க மாட்டார்.

யாழ்ப்பாணத்தில் இன்னொரு சிக்கல் தண்ணீர். சுண்ணாம்புக்கல் நிலம் என்பதால் கிணற்று நீர் வன்நீர். கழுவிவிட்டு வெயிலில் காயவிட்டால் துளி நின்ற இடமெல்லாம் வெள்ளை வளையம் விழும். அங்கே நிழலில் கழுவுவதும் உடனே ஈரம் ஒற்றுவதும் கொழும்பை விட முக்கியம். வளையம் விழுந்துவிட்டால் வினாகிரியைச் சம அளவு தண்ணீரில் கலந்து நனைத்த துணியை ஒரு நிமிடம் வைத்து, பிறகு நிறையத் தண்ணீரால் அலசலாம்.

வீதி போடும் இடத்தால் போய்வந்தால் கீழ்ப்பக்கத்தில் தார்ப் புள்ளிகள் இருக்கும். வாகனத்தில் தார் என்றால் எங்கள் தலைமுறைக்கு முந்தியவர்களுக்கு வேறு ஞாபகம் வரும். 1958இல் வாகன இலக்கத் தகட்டில் இருந்த சிங்கள 'ஸ்ரீ' எழுத்தின் மேல் வடக்கில் தார் பூசினார்கள். தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளின் மேல் தார் பூசினார்கள். இன்றைய தார்ப் புள்ளிக்கு மருந்து சிறிது மண்ணெண்ணெய். மெல்லிய துணியில் நனைத்து அந்த இடத்தில் ஒரு நிமிடம் வைத்திருங்கள். இளகியதும் ஒற்றி எடுத்துவிட்டு ஷம்பூவால் கழுவிவிடுங்கள். தின்னர் வேண்டாம். அது தாரோடு பெயின்றையும் கரைக்கும்.

கழுவும் முறை

இதற்கு மூன்று வாளிகளும் ஒரு மணி நேரமும் போதும். பெரிய கருவி எதுவும் தேவையில்லை.

முதலில் நிழலில் நிறுத்துங்கள். பொனற்றில் கை வைத்துப் பார்த்து, சூடு ஆறியபின் தொடங்குங்கள். சூட்டில் ஷம்பூ காய்ந்து தடமாகும்.

சில்லுகளை முதலில் கழுவுங்கள். அதற்குத் தனி வாளி, தனித் துணி. பிரேக்கிலிருந்து உதிரும் இரும்புத் துகள் சில்லில்தான் சேர்கிறது. அந்தத் துணி ஒருபோதும் பெயின்றில் படக்கூடாது.

பிறகு காரைத் தொடாமல் மேலிருந்து கீழாகத் தண்ணீர் ஊற்றுங்கள். குழாய் இல்லாவிட்டால் பூவாளி நல்லது. முழு வேலையிலும் முக்கியமான கட்டம் இதுதான். தண்ணீரோடு எவ்வளவு மணல் தானாக ஓடிப் போகிறதோ அவ்வளவு கீறல் மிச்சம்.

அடுத்தது இரண்டு வாளி. ஒன்றில் கார் ஷம்பூ கலந்த தண்ணீர், மற்றதில் வெறும் தண்ணீர். ஷம்பூவில் துணியை நனைத்து ஒரு பகுதியைத் துடையுங்கள். மறுபடி ஷம்பூவில் போடும் முன் வெறும் தண்ணீரில் அலசிப் பிழியுங்கள். கொஞ்ச நேரத்தில் வெறும் தண்ணீர் வாளியின் அடியில் மண் படிந்திருப்பதைக் காண்பீர்கள். ஒரே வாளியாக இருந்திருந்தால் அந்த மண்ணை எடுத்து மறுபடி காரில் தேய்த்திருப்பீர்கள்.

துணி மைக்ரோபைபராக இருக்கட்டும். அதன் இழைகளுக்கிடையே மணல் உள்ளே போய்விடும். பெனியன் துணி தட்டையானது. அதில் மணல் மேலேயே நின்று பெயின்றை உரசும். கூரை, கண்ணாடி, பொனற், கதவின் மேற்பகுதி, கடைசியாகக் கீழ்ப்பகுதி என்ற ஒழுங்கில் போங்கள். வட்டமாகத் தேய்க்காமல் நேராக இழுங்கள். அழுத்த வேண்டாம், துணியின் பாரமே போதும். துணி கீழே விழுந்தால் அலசி எடுத்தாலும் நம்பாதீர்கள். வேறு துணி எடுங்கள்.

பாத்திரம் கழுவும் திரவம் மெழுகுப் பாதுகாப்பைக் கழற்றிவிடும். உடுப்புத் தோய்க்கும் பவுடர் அதைவிட மோசம், கரையாத துகள் கீறும். பற்பசை போட்டால் கீறல் மறையும் என்று சொல்வார்கள். பற்பசையில் இருப்பதும் தேய்க்கும் துகள்தான். சின்னக் கோட்டை மங்க வைத்து, சுற்றிலும் புதிய கோடுகள் போடும்.

கடைசியில் நன்றாக அலசி, பெரிய மைக்ரோபைபர் துவாயை விரித்து ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம்.

தினமும் கழுவ நேரமில்லையா? அப்படியென்றால் தினமும் துடைக்கவும் வேண்டாம். கண்ணாடிகளை மட்டும் கழுவிக்கொண்டு போங்கள். தூசியோடு ஓடும் கார் கெட்டுப்போவதில்லை. உறை போட்டு மூடுகிறவர்களும் கவனியுங்கள். தூசி படிந்த காரின் மேல் உறை போட்டால், கடற்காற்றில் அது ஆடி ஆடி இரவு முழுவதும் அரத்தாள்போலத் தேய்க்கும்.

பொலிஷ் என்பது கூட்டுவதல்ல, குறைப்பது

பொலிஷையும் மெழுகையும் பலர் ஒன்றாக நினைக்கிறார்கள். நானும் நினைத்திருந்தேன். மெழுகு பெயின்றுக்கு மேல் ஒரு பாதுகாப்புப் படலம் போடுகிறது. பொலிஷ் பெயின்றின் மேற்பரப்பை அரைத்து எடுக்கிறது. பள்ளத்தை நிரப்ப முடியாததால், சுற்றியுள்ள மேட்டைப் பள்ளத்தின் மட்டத்துக்குக் கொண்டுவருகிறது. ஒவ்வொரு கட் அன்ட் பொலிஷும் சில மைக்ரோன்களைக் கொண்டுபோகும். வருடா வருடம் தீபாவளிக்கோ புதுவருடத்துக்கோ கார் பளபளக்க வேண்டும் என்று அதைச் செய்தால், சில வருடங்களில் அரைக்க ஒன்றும் மிஞ்சாது.

ஆகவே முதலில் சோதியுங்கள். கழுவி உலர்ந்த காரில், மெல்லிய பிளாஸ்ரிக் பைக்குள் கையை விட்டு மெதுவாகத் தடவுங்கள். சொரசொரப்பாக இருந்தால் ஒட்டிய துகள்கள் இன்னும் இருக்கின்றன. அதற்கு 'கிளே பார்' என்று விற்கும் களி போன்ற கட்டி உண்டு. ஷம்பூ நீரால் நன்றாக வழுக்க வைத்து அதை மெதுவாக ஓடவிட்டால் துகள்களைப் பிடுங்கி எடுக்கும். கட்டி நிலத்தில் விழுந்தால் எறிந்துவிட வேண்டியதுதான்.

அடுத்தது நகச் சோதனை. கீறலுக்குக் குறுக்கே நகத்தை மெதுவாக ஓட்டுங்கள். நகம் தடக்கினால் அது பொலிஷால் போகாத ஆழம். அங்கே தகரம் தெரிந்தால், துரு பிடிக்கும் முன் அந்த இடத்துக்கு மட்டும் பெயின்ற் தொட்டுவிடுங்கள். நகம் தடக்காவிட்டால் மட்டுமே பொலிஷைப் பற்றி யோசியுங்கள். அப்போதும் மிக மென்மையான பொலிஷால், கண்ணில் படாத ஒரு கை அகல இடத்தில் செய்து பார்த்துவிட்டுத்தான் மற்ற இடத்துக்குப் போக வேண்டும்.

கடையில் கொடுப்பதானால் மூன்று கேள்விகள் கேளுங்கள். பெயின்றின் தடிப்பை அளக்கும் மீற்றர் இருக்கிறதா? மெசின் ஒரே அச்சில் வேகமாகச் சுழலும் ரொட்டரியா, அல்லது சுழன்றபடி அசையும் டுவல் அக்ஷனா? பின்னதில் சூடு குறைவு, பெயின்றை எரித்துவிடும் ஆபத்தும் குறைவு. விளிம்புகளுக்கு டேப் ஒட்டுவார்களா? விளிம்பிலும் மடிப்பிலும்தான் பெயின்ற் மெல்லியது. என் மட்கார்ட் போனது அப்படித்தான்.

மெழுகைக் கையாலேயே போடலாம். பிரேசில் நாட்டுப் பனை வகை ஒன்றின் ஓலையிலிருந்து எடுக்கும் கார்னூபா மெழுகு கலந்தது கடைகளில் கிடைக்கும். மெல்லியதாகப் பூசி, மங்கியதும் சுத்தமான மைக்ரோபைபரால் எடுங்கள். கடலோரத்தில் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை போட்டால் நல்லது. தண்ணீர் முத்துமுத்தாக உருளாமல் பரவி நின்றால் மெழுகு போய்விட்டது என்று அர்த்தம்.

இந்த நாட்டில் இதற்கு ஒரு காசுக் கணக்கும் உண்டு. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. திறந்தபின்னும் வரியால் விலை எட்டாத உயரத்தில் நிற்கிறது. வானை நம்பி வாழும் ஒரு குடும்பத்துக்கு இருக்கிற வாகனத்தைக் காப்பாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

எடுக்காத கீறல்கள்

கொட்டாஞ்சேனை ஐயா அப்பாவின் காரில் இரண்டு நாள் வேலை செய்தார். என் துணி போட்ட மெல்லிய கோடுகளில் பெரும்பகுதி மென்மையான பொலிஷிலேயே போய்விட்டது. மட்கார்ட் விளிம்புக்குப் பச்சை நிறம் கலந்து தொட்டுவிட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டு பொனற்றைச் சாய்வான வெளிச்சத்தில் காட்டினார். நான்கு நான்காக, பக்கத்துப் பக்கத்தில், வளைந்து போகும் ஆழமான கோடுகள்.

"இது துணி இல்ல தம்பி. ஆரோ கையால இழுத்திருக்கு."

செம்மண் சேறு பூசிய விரல்கள். நான் சேற்றின் கதையைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு நகத்தை ஓட்டிப் பார்த்தார். தடக்கியது. "இதை எடுக்க வெளிக்கிட்டா பெயின்ற் முழுக்கப் போகும். திரும்ப ஸ்பிரே பண்ணினாத்தான் சரி. செய்யச் சொன்னா செய்யிறன்."

நான் கேட்கப் போயிருந்தது அதைத்தான். எல்லாம் போய்ப் புதுக் கார் மாதிரி வரவேண்டும் என்று. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவர் கீழே இறங்கிவந்து பொனற்றில் கையை வைத்துப் பார்த்தார். "அது கிடக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே போய்விட்டார்.

கோடுகளுக்கு மேல் மெழுகு மட்டும் போட்டோம். துரு பிடிக்கவில்லை.

ஞாயிறு காலையில் தங்கையின் மகன் தன் வாளியோடு கார் கழுவ வருவான். முதலில் தண்ணீர், பிறகுதான் கை என்பது அவனுக்குப் பாடம். போன மாதம் பொனற்றைத் துடைத்துக்கொண்டிருந்தவன், அந்தக் கோடுகளில் தன் விரல்களை வைத்துப் பார்த்துவிட்டு, "மாமா, இது ஏன் போகுதில்லை?" என்று கேட்டான். அம்மப்பா காருக்குச் சேறு பூசிய கதையை அன்றுதான் அவனுக்குச் சொல்லத் தொடங்கினேன். சொல்லி முடிப்பதற்குள் ஷம்பூ காய்ந்துவிட்டது. மறுபடி தண்ணீர் ஊற்றிக் கழுவினோம்.